படிக்கிற பிள்ளைக்குச் சமைத்துப் போடக் குடிபோகுமுன்

1

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள். ஐந்தாவது என் கொழுந்தனார் மகள். ஆறு மாதக் குழந்தையில் தாயை இழந்து என் கைக்கு வந்தவள். ஐந்து பேரும் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், கல்யாணம் கட்டிக்கொண்டார்கள். ஒருவராவது என்னிடம் ஒரு பொய்யைச் சொல்லி ஒரு வாரம் தாக்குப்பிடித்ததில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டியதை வேறு எப்படிச் சொல்வதாம்?

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுதுவேன், மெதுவாக. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். நம் ஊர்ச் சங்கத்து மலருக்கு வருஷா வருஷம் எழுதச் சொல்லிக் கேட்பார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லாரும் முதன்முதலில் ஊரைவிட்டு வந்த கதையை எழுதுவார்கள். நானும் அதையே எழுதினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள் என் தங்கச்சி தனம் பட்டுக்கோட்டையிலிருந்து போன் பண்ணினாள்.

"அக்கா, நம்ம பேரப்பயலுக்குக் கோயமுத்தூருப் பக்கம் ஒரு காலேஜுல பேசி முடிச்சாச்சு. ஹாஸ்டல் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்காதாம். அங்கனயே ஒரு வீடு பிடிச்சுத் தர்றோம், நீங்க கூட இருந்து ஆக்கிப் போடுங்கத்தைங்கறா மருமக."

"நீ என்ன சொன்ன?"

"எங்கக்காவும் சிங்கப்பூருல அதத்தான செய்யிறா, பேத்தியோட ராணி மாதிரி இருக்கா, நானும் போறேன்னுட்டேன். மாட்டை வித்துட்டு, வீட்டைப் பூட்டிடலாம்னு இருக்கேன். சரிதானக்கா?"

"அடுப்புல பால் இருக்கு, பொங்குது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். போனில் சொன்னால் அவள் நடுவிலே பேசுவாள். அவளுக்கு மட்டுமா? நம் பக்கத்தில் பாதி வீடுகளில் இதுதானே நடக்கிறது. பிள்ளைக்குக் காலேஜில் இடம் கிடைத்ததும் பெட்டி கட்டுவது பிள்ளை இல்லை, வீட்டில் இருக்கிற கிழவி.

2

நான் சிங்கப்பூரின் வடகோடியில், செம்பவாங்கில் இருந்தவள். இருபது வயதில் கல்யாணமாகி அங்கேதான் வந்து இறங்கினேன். என் வீட்டுக்காரர் கப்பல் பட்டறையில் வேலை. முதலில் பட்டறைக் குடியிருப்பு, பிறகு பக்கத்திலேயே அடுக்கு வீடு. அந்த அடுக்கு வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருந்தது. அவர் போனபிறகு என் பெயரில் இருக்கிறது. அவர் போய் ஒன்பது வருஷம். தனியாக இருந்தேன். தனியாக இருந்தேனே தவிரத் தனிமை என்று ஒன்றும் இல்லை. காலையில் கீழே இறங்கினால் திரும்பி மேலே ஏற ஒரு மணி நேரம் ஆகும். அத்தனை பேர் நின்று பேசுவார்கள்.

என் மூத்த மகன் சேகர் பொங்கோலில் இருக்கிறான். அவனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் மகள் கயலுக்கு, தீவின் மேற்குக் கோடியில் இருக்கிற பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பொங்கோல் வடகிழக்குக் கோடி. ரயில் மாறி, பஸ் ஏறி, ஒன்றரை மணி நேரம். பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போகிற நேரம். அதற்காக ஒரு குடும்பம் வீடு மாறுமா? நம் குடும்பம் மாறும்.

சேகர் என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, ஹாஸ்டலெல்லாம் வேணாம்னு பாக்குறேன். வெளிச் சாப்பாடு, கண்ட நேரத்துல தூக்கம். அவ யூனிவர்சிட்டி பக்கம், பூன் லேயில ஒரு வீடு வாடகைக்கு வருது. நீங்களும் கயலும் அங்க இருங்க. உங்க வீட்டை வாடகைக்கு விட்டுடலாம். படிப்பு முடிஞ்சதும் திரும்பிடலாம்."

"அவகிட்டக் கேட்டியா?"

"அவகிட்ட என்னம்மா கேக்கறது? உங்க சாம்பார்னா உயிரையே விடுவா."

கயலிடம் அவன் கேட்கவில்லை, சரி. நானும் கேட்கவில்லை. தனம், இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். உன் பேரனிடம் யாராவது கேட்டீர்களா?

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் சாதாரணமானதில்லை. என்னை ஒருவர் வேலைக்கு வேண்டும் என்று கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. செம்பவாங் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். "பேத்தி யூனிவர்சிட்டி போறா, நான் இல்லாம முடியாதாம்" என்றேன். சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு, என் வீட்டில் குடியேறியது. இரண்டு வருஷத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

3

வீடு மாறினால் விலாசம் மாற்ற வேண்டும். இங்கே அது போனிலேயே முடிந்துவிடும் என்றான் மகன். போனைப் பார்த்து நிற்கச் சொன்னான், கண்ணைச் சிமிட்டச் சொன்னான். போன் என்னை நான்தான் என்று ஒத்துக்கொள்ளவில்லை. அவன் பொறுமை இழந்து, ஒரு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே கட்டைவிரலை ஒரு கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். மூன்று முறை வைத்தேன். சிவப்பு விளக்குதான்.

அங்கிருந்த பெண் நல்ல பெண், தமிழ்ப் பெண். "ஆன்ட்டி, கொஞ்சம் நல்லா அழுத்துங்க லா. வயசானவங்களுக்கு ரேகை தேஞ்சு போயிருக்கும்" என்றாள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பேச்சு முடிவில் ஒரு 'லா' போடாமல் இருக்க முடியாது.

"தேயாம என்ன செய்யும்? அஞ்சு பிள்ளைங்க துணியையும் கையால துவைச்சதும்மா."

அவள் சிரித்துவிட்டு, எச்சில் தொட்டுத் தேய்த்து வைக்கச் சொன்னாள். பச்சை விளக்கு எரிந்தது. "ஓகே ஆன்ட்டி, இப்ப நீங்க பூன் லே" என்றாள்.

"இல்லம்மா, என் வீடு செம்பவாங்குல இருக்கு. இது என் பேத்தி படிக்கிற இடம்" என்றேன். அவள் திரும்பவும் சிரித்தாள். அடையாள அட்டையின் பின்னால் ஒட்டிக்கொள்ளும்படி ஒரு காகிதம் தபாலில் வந்தது. ஐம்பது வருஷத்து ஊர் அந்தக் காகிதத்துக்கு அடியில் போய்விட்டது.

சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிற பாலிகிளினிக்கும் மாறியது. பழைய இடத்தில் இருந்த நர்ஸ், நான் உள்ளே நுழையும்போதே என் நடையைப் பார்த்து, "தீபாவளிப் பலகாரம் இன்னும் தீரலையா?" என்பார். இங்கே திரையில் நம்பர் வரும், போக வேண்டும். தப்பாக ஒன்றும் சொல்ல மாட்டேன், மருத்துவம் நல்ல மருத்துவம்தான். ஆனால் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் கிடைக்காது. இதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

4

முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைப்பேன். எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், தேங்காய்ச் சாதம், கூட ஒரு பொரியல். டப்பாவில் அடைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு ஓடுவாள். சாயங்காலம் வந்து, சாப்பிட்டு, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவாள். தூங்கினாலும் ஒரு மூச்சுச் சத்தம் வீட்டில் இருக்கும்.

பிரச்சினை சாயங்காலத்தில் இல்லை. பகல் பதினோரு மணியில் இருந்தது.

சமையல் முடிந்து, துணி காயப்போட்டு, வீடு கூட்டியபிறகு மணி எட்டரைதான் ஆகும். பதினோரு மணிக்கு நான் எங்கள் அடுக்கு வீட்டுப் புளோக்குக்குக் கீழே போய் உட்காருவேன். படிக்கிற பிள்ளைகள் அறை எடுத்துத் தங்கியிருக்கும் புளோக் அது. எல்லாருக்கும் இருபது வயது, இருபத்தொரு வயது. காதில் ஒன்றைச் செருகிக்கொண்டு போவார்கள். மரியாதையானவர்கள், மின்தூக்கியைப் பிடித்து நிறுத்துவார்கள், பையைத் தூக்கித் தருவார்கள். ஆனால் நின்று பேச மாட்டார்கள். ஒரு முகத்தைப் பழகிக்கொண்டு "எங்கம்மா போற?" என்று கேட்கிற அளவுக்கு வருவதற்குள் அந்த முகம் படித்து முடித்துப் போய்விடும். அதே வாசலில் வேறு செருப்பு கிடக்கும். படிக்கிற பிள்ளைகள் இருக்கிற இடத்தில் எல்லாருக்கும் போக வேறு இடம் இருக்கிறது. அங்கேயே இருக்க வந்தவள் நான் ஒருத்திதான்.

கோயில் இல்லையா என்று கேட்பாய். ரயிலில் சில நிறுத்தம் போனால் இருக்கிறது. அங்கே வருகிற பெண்கள் முப்பது வருஷமாக ஒருவரையொருவர் அறிந்தவர்கள். "நீங்க புதுசா?" என்று கேட்டார்கள். சிங்கப்பூரில் ஐம்பத்து மூன்று வருஷம் இருந்துவிட்டு, "ஆமாம், புதுசு" என்றேன்.

எதிர்வீட்டில் ஒரு மலாய் அம்மா இருந்தார். மூத்த பெண்களை மலாயில் மக்சிக் என்போம். கதவைத் திறக்கும்போதெல்லாம் "சுடா மாக்கான்?" என்பார், சாப்பிட்டாயிற்றா என்று. நான் "சுடா" என்பேன். எங்கள் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். போன வருஷம் அவர் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த வீட்டை நான்கு பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். ஒரு வார்த்தைதானே என்று நினைத்திருந்தேன். நான் சாப்பிட்டேனா இல்லையா என்பது யாருக்கும் தெரியாமல் ஒரு நாள் போகும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

விடுமுறையைப் பற்றி யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள். மூன்று மாதம். பிள்ளைகள் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். எதிர்ப் புளோக்கில் பாதி ஜன்னல் இருட்டு. கீழே இருக்கிற சாப்பாட்டுக் கடையில் இரண்டு அடுப்பை மூடிவிடுவார்கள். கயல் அந்த மூன்று மாதமும் பொங்கோலிலிருந்து ஏதோ ஒரு கம்பெனிக்கு வேலை பழகப் போனாள். நான் பூன் லேயில் இருந்தேன். என் வீட்டில் வேறொருவர் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. நான் எங்கே போவது? அந்த மாதங்களில் வாரத்துக்கு ஒரு தரம் ரயில் ஏறித் தேக்காச் சந்தைக்குப் போவேன். முருங்கைக்கீரையும் வாழைப்பூவும் வாங்க என்று சொல்லிக்கொள்வேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். சந்தையில் கீரைக்காரரோடு பேரம் பேசுவேன். பேரம் பேசினால் பதில் பேசுவார் அல்லவா, அதற்காக. வீட்டுக்கு வந்து சோற்றை வடித்து வைத்துவிட்டு "சாப்பிடலாம்" என்று உரக்கச் சொல்வேன். தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக.

5

இரண்டாம் வருஷம் தொடங்கி ஒரு மாதம் இருக்கும். கயல் ஒரு நாள், "அப்பாயி, பேட்மிண்டன் டிரெய்னிங் லேட்டாகும் லா. ஃப்ரெண்டு ரூம்லயே தங்கிக்கிறேன், ஓகே?" என்றாள். சரி என்றேன். அடுத்த வாரம் இரண்டு நாள். அதற்கடுத்த வாரம் பரீட்சை என்றாள்.

எனக்குத் தெரிந்தது டப்பாவால்தான். ஒரு நாள் அவள் கொண்டுவந்த டப்பாக்கள் கழுவியிருந்தன. பிறந்தது முதல் ஒரு கரண்டி கழுவாத பிள்ளை அவள். மூடியின் பள்ளத்தில்கூட எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. எங்கள் வீட்டில் இல்லாத சோப்பு வாசனை. வேறு யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள், சாப்பிட்டவர்கள் நாகரிகமாகக் கழுவியும் கொடுத்திருக்கிறார்கள்.

"யாரு சாப்பிட்டது?" என்று கேட்டேன்.

உட்கார்ந்துவிட்டாள். பல்கலைக்கழக விடுதியில் அவளுக்கு ஓர் அறை கிடைத்திருக்கிறது. விளையாட்டில் சேர்ந்ததால் கிடைத்த இடம். டியூஷன் சொல்லிக் கொடுத்து வாடகையைத் தானே பார்த்துக்கொள்கிறாள். அப்பாவுக்குத் தெரியாது.

"அப்பாகிட்டச் சொல்லாதீங்க அப்பாயி. சண்டே காலையில வந்துடுவேன். புதன்கிழமையும் வருவேன். ப்ராமிஸ்."

ஐந்து பேரை வளர்த்த நான் அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? சேகரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால், "அப்ப நீங்க எதுக்கும்மா அங்க தனியா, பொங்கோலுக்கு வந்துடுங்க" என்பான். நல்ல எண்ணத்தில்தான் சொல்வான். அங்கே போய்விட்டால் பிறகு செம்பவாங் இல்லை. குடியிருக்கிறவர்களே இருக்கட்டும் என்று ஆகிவிடும். இது ஒரு காரணம். இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. என் சமையல் இல்லாமல் அந்தப் பிள்ளை நன்றாகவே இருக்கிறது என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவள் அல்லவா.

சேகர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வருவான், மனைவியோடு. கயல் ஒன்பது மணிக்கு வந்து ஈரத்துண்டைக் கதவில் தொங்கவிடுவாள், மேசையில் புத்தகத்தைத் திறந்து வைப்பாள். அவள் வருவதற்கு முன்னே நான் ஒரு வேலை செய்வேன். ஆறு நாள் கசங்காமல் கிடந்த அவள் படுக்கை விரிப்பைக் கையால் கசக்கி வைப்பேன். அவள் பல்துலக்கும் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து வைப்பேன். தனம், எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானாகவேதான் செய்தேன். எட்டு மாதம் செய்தேன்.

வார நாளில் சேகர் வீடியோவில் கூப்பிடுவான். "கயல் எங்கம்மா?"

"லைப்ரரிக்குப் போயிருக்கா."

"சாப்பிட்டாளா?"

"ரெண்டு தரம் போட்டுக்கிட்டா."

அப்புறம் அவன், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதற்குள் லைன் போய்விடும். அவனுக்கும் வேலை.

6

பன்னிரண்டு நாள் முன்னே சேகர் ஒரு காகிதம் கொண்டுவந்தான். அடுத்த மாதத்தோடு செம்பவாங் வீட்டின் இரண்டு வருஷம் முடிகிறது. குடியிருக்கிறவர்கள் இன்னும் இரண்டு வருஷம் கேட்கிறார்கள்.

"கயல் படிப்பும் இன்னும் ரெண்டு வருஷம். கணக்கு சரியா வருது பாருங்கம்மா" என்று பேனாவை எடுத்து நீட்டினான்.

"வச்சிட்டுப் போ. கண்ணாடியத் தேடணும்" என்றேன். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. அவன் பார்த்தான். "சரி, இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்" என்றான்.

இரண்டு வருஷம் என்பது எனக்குச் சின்னக் கணக்கு இல்லை. எழுபத்து மூன்றும் இரண்டும் எழுபத்து ஐந்து. அதன்பிறகு அந்த வீட்டுக்குத் தனியாகப் போகிறேன் என்றால் யார் விடுவார்கள்?

தனம் போன் பண்ணியது அதற்கு இரண்டு நாள் கழித்து. போனை வைத்த மறுநாள் காலை எலுமிச்சைச் சாதம் கிண்டி டப்பாவில் போட்டுக்கொண்டு, சந்தன நிறச் சேலையை உடுத்திக்கொண்டு, பல்கலைக்கழகத்துக்குள் போகிற பஸ்ஸில் ஏறினேன். பேத்தி படிக்கிற இடத்துக்கு இரண்டு வருஷத்தில் முதல் தரமாகப் போகிறேன். ஊர் மாதிரி இருக்கிறது அது. மேடும் பள்ளமும், மரமும், கட்டடமும். விடுதியின் பெயர் எனக்குத் தெரியும். இரண்டு பேரிடம் கேட்டேன், இறங்கினேன்.

விடுதிக்குக் கீழே சாப்பாட்டுக் கடை. கயல் தலை ஈரத்தோடு நான்கு பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஒரு சீனப் பிள்ளை என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்துவிட்டது.

"அப்பாயி!" என்று கத்தியது. அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் போல. "அப்பாயி, யுவர் லெமன் ரைஸ், சோ நைஸ்!"

நான்கு பிள்ளைகளும் எழுந்துவிட்டார்கள். ஒருத்தி நாற்காலி இழுத்துப் போட்டாள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். டப்பாவைத் திறந்து, ஆளுக்கொரு கரண்டி எடுத்துக்கொண்டார்கள். எட்டு மாதமாக என் சமையலைச் சாப்பிட்டு, கழுவி அனுப்பியவர்கள் இவர்கள்தான். எனக்குக் கோபம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் கொண்டுவந்திருக்கலாமே என்றுதான் இருந்தது.

கயல் மட்டும் உட்காரவில்லை. "வாங்க அப்பாயி, பஸ் ஸ்டாப்புக்குப் போலாம்" என்று என் முழங்கையைப் பிடித்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இருவர்தான்.

"போன் பண்ணிட்டு வரக் கூடாதா?"

"பண்ணியிருந்தா கிளாஸ்ல இருக்கேன்னு சொல்லியிருப்ப."

சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சைன் பண்ணிட்டீங்களா?"

"உனக்கு யாரு சொன்னா?"

"அப்பாதான். பண்ணிடுங்க அப்பாயி, ப்ளீஸ். ரெண்டே வருஷம். நீங்க செம்பவாங் போயிட்டீங்கன்னா அப்பா என்னைப் பொங்கோலுக்கு வரச் சொல்லிடுவாங்க. ஹாஸ்டல்ல இருக்க விடவே மாட்டாங்க. அவங்களத் தெரியும்ல உங்களுக்கு?"

"நான் பெத்தவன். தெரியும்."

"நீங்க இங்க இருந்தாதான் நான் இங்க இருக்க முடியும்."

"நான் எங்க இருக்கேன், நீ எங்க இருக்க? சமைச்சுப் போட வந்தேன் கயல். இப்ப உனக்கு நான் வெறும் அட்ரஸ்."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல லா..."

"லா போடாத. வேற எப்படி? சொல்லு."

அவள் அழுதாள். பஸ் வந்துவிட்டது. "பாத்து ஏறுங்க" என்று மட்டும் சொன்னாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் திரும்புகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.

வருகிற வழியெல்லாம் யோசித்தேன். அவளுக்கு இருபது வயது. இருபது வயதில் நான் கடல் தாண்டி வந்தேன். எனக்குச் சமைத்துப் போட யாரும் கூட வரவில்லை. நான் பட்டினி கிடந்து செத்துப்போய்விடவும் இல்லை. முதல் மாதம் சோறு குழைந்தது, குழம்பு கரித்தது, வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார். அந்த மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். என் மாமியார் கூட வந்திருந்தால் சோறு நன்றாக இருந்திருக்கும்.

7

தனம், நீ கேட்டதற்குப் பதில்.

போகாதே என்று ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன். பேரன் தன் வாயால் கூப்பிட்டால் போ. மருமகள் வாயால் கூப்பிட்டால் யோசி.

போகுமுன் அந்த ஊரைப் போய்ப் பார். ஞாயிற்றுக்கிழமை போகாதே, எல்லா ஊரும் ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்குப் போ. வாசலில் அரை மணி நேரம் நில். உன்னை யாராவது, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கிறார்களா பார். காலேஜ் லீவில் இன்னொரு தரம் போய்ப் பார். கடை திறந்திருக்கிறதா, விளக்கு எரிகிறதா, பஸ் எத்தனை ஓடுகிறது என்று பார்.

மாட்டை விற்காதே. வீட்டையும் மூன்று மாதத்துக்கு மேல் பூட்டாதே. யாருக்கும் எழுதியும் கொடுக்காதே. திரும்பி வருகிற கதவை நீயே சாத்திவிட்டுப் போனால், அங்கே எது நடந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருப்பாய். நான் இருந்தேன்.

அவனுக்குச் சமைத்துப் போடுவது ஒரு நாளில் மூன்று மணி நேர வேலை. மீதி நேரம் உனக்கு அங்கே என்ன வேலை? இதற்குப் பதில் இருந்தால் பெட்டியைக் கட்டு.

இதையெல்லாம் உனக்கு எழுதிவிட்டு, அந்தக் காகிதத்தில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? போடவில்லை. போடவும் போவதில்லை. அடுத்த மாதம் செம்பவாங் போகிறேன். குடியிருக்கிறவர்கள் நல்லவர்கள்தான்; கைக்குழந்தைக்காரர்கள், வேறு வீடு தேட ஒரு மாதம் கூடக் கேட்டால் பொறுத்துக்கொள்வேன். அங்கேயும் பாதிப் பேர் இப்போது இருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சேகர் கத்துவான், அதுவும் தெரியும்.

அவனிடம் என் பங்கை மட்டும் சொல்வேன். எட்டு மாதமாக லைப்ரரி, லைப்ரரி என்று சொன்ன வாய் என் வாய், அதை ஒத்துக்கொள்வேன். கயலின் பங்கை நான் சொல்ல மாட்டேன். அது அவளுடையது. அவள் எங்கே இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும் என்று அவள்தான் அவனிடம் பேச வேண்டும். இருபது வயதில் விடுதியில் ஓர் அறையைத் தானாகவே பிடித்த பிள்ளைக்கு அப்பாவோடு பேசவா தெரியாது?

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மணி ஒன்பதரை. அவள் வந்துவிட்டாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. அவள் அப்பன் அந்தக் காகிதத்தை வாங்கப் பன்னிரண்டு மணிக்கு வருவான். இவள் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள். வேகமாக வாசிக்க வராது, எழுத்துக் கூட்டி வாசிப்பாள். பன்னிரண்டுக்குள் முடித்துவிடலாம். மலருக்கு அனுப்புவது, அனுப்பாதது, தனத்துக்கு மட்டும் அனுப்புவது எல்லாம் அப்புறம்.

கயல், துண்டை அங்கே தொங்கவிடாதே, வெயிலில் போடு. போட்டுவிட்டு இப்படி வந்து உட்கார். இந்த நோட்டை எடு. நான் எழுதியதுதான். முதல் வரியிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. உன் பெயர் வருகிற இடத்தில் நிறுத்தாதே. கடைசி வரைக்கும் வாசி.